புக்கிட் சீனாவில் அறைந்த பேய்

மலாக்காவில், காஜா பெராங்கில் என்னோடு தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் எங்கே கூடினாலும் அந்தப் பேயைப் பற்றிப் பேசாமல் எழுந்திருப்பதில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நம் வயதுக்காரர்கள் ஆறு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். ஒருவர், அந்தப் பேய்க்குத் தாடையே கிடையாது என்றார். இன்னொருவர், தாடை இருந்தது, ஆனால் கை ஒன்றுதான் என்றார். மூன்றாமவர், அது ஜப்பான்காரன் காலத்தில் வெட்டுப்பட்ட ஒரு சீனத்தியின் ஆவி என்று தன் மருமகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இதைத் திருத்திச் சொல்ல வேண்டியவள் நான்தான். அந்தப் பேயை முதன்முதலில் கண்டதாகச் சொன்னவள் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது. நான் கண்டது பேய் அல்ல.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம், தை மாதத்திலிருந்து பங்குனி வரை நடந்தது இது. எங்கள் வீடு காஜா பெராங் சாலைக்குப் பின்னால் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. முன் அறையில் அப்பா, அம்மா, நான். பின் அறையில் அப்பாவின் தம்பியான என் சித்தப்பாவும் அவர் மனைவியும். அப்பா புல் வெட்டும் ஆட்களுக்கு மண்டோர். பன்னிரண்டு பேர் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள். சித்தப்பா அந்தப் பன்னிரண்டில் ஒருவர்.

சித்தி புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பத்தொன்பது வயது. பதின்மூன்று வயதிலிருந்து பால் மரம் சீவியவள் என்பதால் தோளும் முன்கையும் திரண்டிருக்கும். இரண்டு வாளித் தண்ணீரை ஒரு சொட்டும் சிந்தாமல் குழாயடியிலிருந்து தூக்கி வருவாள். யாரும் இல்லாதபோது சீட்டி அடிப்பாள். அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டால் சீட்டி நின்றுவிடும், முக்காடு ஏறிவிடும். அப்பாவின் எதிரில் அவள் நின்று நான் பார்த்ததில்லை.

புக்கிட் சீனா உங்களுக்குத் தெரியும். ஊருக்கு நடுவில் குன்று முழுக்கச் சீனர்களின் கல்லறைகள். ஒவ்வொன்றும் அரை நிலா வடிவத்தில் மதில் வைத்துக் கட்டியது. சில மதில்கள் ஆள் உயரம் இருக்கும். உள்ளே நின்றால் வெளியே இருப்பவருக்குத் தெரியாது. சீனர்கள் செங் பெங் நாளில் குடும்பத்தோடு வந்து முன்னோர்களுக்குப் படைப்பார்கள். அதற்கு முன் மூன்று மாதம் குன்றில் லாலான் புல்லை வெட்டும் வேலை அப்பாவின் ஆட்களுக்குக் கிடைக்கும்.

எனக்கு முன்பே அந்தக் குன்றில் பேய்கள் இருந்தன. போர்த்துக்கீசியப் படைவீரன் ஒருவன் தன் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பீரங்கிக் குண்டு தேடுவான். பிரசவத்தில் செத்த ஒருத்தி, பிள்ளை உண்டான பெண்களின் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பாள். அடிவாரத்துக் கிணற்றில் எட்டிப் பார்த்தால் ஒரு கை பின்னந்தலையைப் பிடித்து அமுக்கும். இவை எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். பெரியவர்களும் நம்பினார்கள். குறிப்பாக உச்சிவேளை. சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது பூ வைத்த இளம் பெண் கல்லறைப் பக்கம் போகக் கூடாது என்பார்கள். ஆனால் சித்தப்பாவுக்குச் சூடான சோறு வேண்டும். அதனால் சித்தி தினமும் பதினொரு மணிக்குத் தூக்குச்சட்டியோடு கிளம்புவாள். குபு வழியாகப் போய், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, குன்றின் பின்புறம் ஏற வேண்டும். நாற்பது நிமிட நடை. சனிக்கிழமைகளில் நானும் போவேன்.

முதல் சம்பவம் தை மாதக் கடைசிச் சனிக்கிழமை. அடிவாரத்துக் கிணற்றுக்குள் கல் போட்டுச் சத்தம் கேட்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். "ஒண்ணே ஒண்ணு சித்தி" என்று ஏழு கல் போட்டேன். சித்தி கையைப் பிடித்து இழுத்தாள். கால் மணி நேரம் தாமதம்.

சித்தப்பா ஒரு பெரிய கல்லறையின் மதிலுக்குள் நிழலில் உட்கார்ந்திருந்தார். மற்ற ஆட்கள் கீழே மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மணி என்னா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் லேட்டாயிருச்சுங்க. பாப்பா..."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. சித்தப்பா எழுந்த வேகத்தில் அறைந்தார். சித்தியின் தலை திரும்பி மதில் கல்லில் மோதியது. சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது; தேங்காய் கை நழுவித் தரையில் விழுந்தால் வருமே, அந்தச் சத்தம். தூக்குச்சட்டி சரிந்து சோறு கல்லறைப் படியில் கொட்டியது. கீழுதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. சித்தப்பா குனிந்து, கொட்டாத சோற்றைத் தட்டில் வழித்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் மதிலின் திறந்த பக்கத்துக்கு வெளியே, நான்கடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பும்போது சித்தி ஆற்றுப் பாலத்தில் நின்று முந்தானையால் வாயைத் துடைத்தாள். "வீட்டுல கேட்டா விழுந்துட்டேன்னு சொல்லு" என்றாள்.

வீட்டில் அம்மா கேட்டது சித்தியை அல்ல, என்னை. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து வீங்கியிருந்தது. விழுந்தவளுக்கு விரல் பதியாது. தாமதத்துக்குக் காரணம் நான் என்பது வெளியே வந்துவிடும், அப்பாவின் பெல்ட் வாசல் ஆணியில்தான் தொங்குகிறது என்ற ஒன்றைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"பேயிம்மா" என்றேன். "வெள்ளையா ஒண்ணு மதிலு மேல நின்னிச்சு. சித்திய அறைஞ்சிட்டுப் போயிருச்சு."

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

அப்பா உள்ளே வந்தார். மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். எத்தனை மணி, எந்த மதில், பேய் எந்தக் கையால் அடித்தது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன். வீட்டில் சாமான்களைக் குறித்து வைப்பதும், மழை பெய்த நாளைக் குறித்து வைப்பதும் நான்தான். "இவ ஒண்ணு சொன்னா ஒண்ணுதான். இட்டுக்கட்டத் தெரியாது" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். சித்தப்பா மாலையில் வந்தார். அண்ணன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆமாண்ணே. நானும் என்னமோ வெள்ளையாப் பாத்த மாரிதான் இருந்திச்சு" என்றார்.

திங்கட்கிழமை பள்ளியில் நான் ராணி. முதல் ஓய்வு நேரத்தில் என் பேய்க்கு வெள்ளை உடை மட்டுமே இருந்தது. புதன்கிழமைக்குள் நீண்ட நகம் வந்தது, தாடை போனது. வெள்ளிக்கிழமை "பேய் அறை" என்று ஒரு விளையாட்டே பிறந்துவிட்டது. ஒருத்தியின் கண்ணைக் கட்டி மூன்று சுற்று சுற்றிவிடுவோம். அவள் கையில் யார் அகப்பட்டாலும் அறையலாம். அகப்பட்டவள் அழுதால் தோற்றவள். இரண்டாம் வாரம் ஒருத்தியின் முன்பல் பாதியாக உடைந்தது. கல்யாண வீட்டில் தாடை இல்லை என்று சொன்னாரே, அவருடைய அக்காதான் அவள். வாத்தியார் எங்கள் ஒன்பது பேரையும் வரிசையாக நிறுத்தி, புறங்கையைத் திருப்பச் சொல்லிப் பிரம்பால் அடித்தார். அடித்துவிட்டு, "அந்தப் பேய் எந்தப் பக்கம் நின்னுச்சு?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது சித்தியின் உடம்பில் அடையாளங்கள் கூடிக்கொண்டே போயின. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அதுவரை சித்தப்பா அடிப்பதற்கு இடம் பார்ப்பார், அளவு பார்ப்பார். அண்ணன் வீட்டில் கேள்வி வரும் என்ற பயம் இருந்தது. இப்போது கேள்வி கேட்க ஆளில்லை. எல்லாம் பேயின் கணக்கு. தோளில் கன்றிய தடம், முதுகில் குதிகால் அளவுக்கு ஒரு நீலம், இடது காதுக்குப் பின்னால் முடி பிடுங்கிய இடத்தில் ஐம்பது காசு அகலத்துக்குச் சிவப்பு. அம்மா ஒவ்வொன்றின் மேலும் திருநீறும் மஞ்சளும் குழைத்துப் பூசினாள்.

"போகாம இருந்தா என்னா?" என்று அம்மா ஒருநாள் அப்பாவிடம் கேட்டாள்.

"போகாட்டி அது வீட்டுக்கு வந்திரும். பேய்க்குப் பயந்த வீடுன்னு ஆயிரும்" என்றார் அப்பா.

பக்கத்தில் மலாக்காச் செட்டிகள் குடியிருந்தார்கள். நம்மைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், பேசுவது மலாய். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருநாள் சித்தியின் தாடையைப் பிடித்துத் திருப்பிக் கன்னத்தைப் பார்த்தார். கன்ன எலும்புக்கு மேல் மோதிர விரல் பட்ட இடத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருந்தது. அதை விரலால் சுட்டி, "ஹந்து தா பாகே சின்சின்" என்றார். பேய் மோதிரம் போடாது என்று அர்த்தம்.

அம்மா சித்தியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "அவுங்களுக்கு நம்ம பேயப் பத்தி என்னா தெரியும்" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. சித்தப்பா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அவர் விரலில் அந்த மோதிரத்தை நான் பார்க்கவில்லை.

மாசி மாத நடுவில் சித்தி குழந்தை உண்டாகியிருப்பது தெரிந்தது. அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. சித்தப்பா அடிப்பதை நிறுத்தவில்லை. மதிலுக்குள் ஒரு சனிக்கிழமை அவர் முழங்காலை உயர்த்தியபோது சித்தி சட்டென்று உருண்டு முதுகைக் கொடுத்தாள். இன்னொரு முறை அவளால் உருள முடியாமல் போனால் குழந்தை போய்விடும், அவளும் போகலாம். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினோரு வயது போதுமாக இருந்தது. சொல்வதற்குத்தான் போதவில்லை. சொன்னால் முதலில் பொய்க்காரி நான்.

அப்பா தமக்குத் தெரிந்த வழியில் அக்கறை காட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பூசாரியை வீட்டுக்கு அழைத்து வந்தார். சித்தியை நடு அறையில் பலகையில் உட்கார வைத்தார்கள். பூசாரி உடுக்கையை ஓரமாக வைத்துவிட்டு முதலிலேயே பிரம்பை எடுத்தார்.

"மாசமா இருக்குதுங்க" என்றாள் அம்மா.

"முதுகுல மட்டும் அடிக்கிறேன். அடி இவளுக்கு இல்ல, அதுக்கு" என்றார் பூசாரி.

ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி. யாரு நீ? எந்தூரு? எதுக்கு வந்தே? சித்தி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவிடுக்கில் நின்று எண்ணினேன். பதினாலாவது அடியில் ரவிக்கை கிழிந்து ரத்தம் தெரிந்தது. பதினாறாவது அடிக்குப் பிரம்பு உயர்ந்தபோது சித்தி வாயைத் திறந்தாள்.

"கெணத்துக்காரி" என்றாள். குரல் தொண்டை வறண்டு, அடியிலிருந்து வந்தது.

பிரம்பு அந்தரத்தில் நின்றது. அறையில் இருந்தவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"என்னா வேணும் தாயி?" என்றார் பூசாரி, வேறு குரலில்.

"தண்ணி."

அம்மா ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். சித்தி முழுச் செம்பையும் குடித்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, சித்தப்பா நின்ற பக்கம் காட்டினாள். "இவன வெளிய போவச் சொல்லு."

"டேய், வெளிய போடா" என்றார் அப்பா உடனே.

சித்தப்பா வெளியே போனார். அப்பா சொல்லி அவர் அவ்வளவு சீக்கிரம் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சித்தி தூக்குச்சட்டியோடு கிளம்பினாள், நானும் போனேன். முதுகில் துணி ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் குனிந்தே நடந்தாள். பாலத்துக்கு வந்ததும், "ஏண்டி பாப்பா" என்றாள். "பேயி கேட்டா ஒங்கப்பா என்னா வேணும்னாலும் குடுப்பாரா?"

"கோழி குடுப்பாரு" என்றேன்.

"அதுக்கு மேல?"

"ஆடு."

சித்தி சிரித்தாள். உதட்டுக் காயம் திறந்து ரத்தம் வந்தது. அதை நாக்கால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

செங் பெங் நாள் பங்குனியில் வந்தது. பள்ளி விடுமுறை. காலையிலிருந்தே குன்றில் கார்களும் ரிக்‌ஷாக்களும் வந்து நின்றன. ஊதுபத்திப் புகை மதில்களுக்கு மேல் அடுக்கடுக்காக நின்றது. வறுத்த பன்றி, ஆரஞ்சுப் பழம், மண்ணெண்ணெய், வெட்டிய புல் எல்லாம் கலந்த வாசனை. கல்லறை மேட்டில் மஞ்சள் காகிதங்களைப் பரப்பி, காற்றில் பறக்காமல் கல் வைத்திருந்தார்கள். அப்பாவும் ஆட்களும் கீழே நின்றார்கள். கடைசி நேரத்தில் யாராவது தங்கள் கல்லறையைச் சுத்தம் செய்யக் கூப்பிடுவார்கள். சித்தப்பா மேலே, குன்றின் பின்புறத்தில் வேலையில் இருந்தார்.

நாங்கள் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். தாமதம் இல்லை. வழியில் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் வயதான சீனர் உட்கார்ந்திருந்தார். சீனக் கிழவர்களை எல்லாரும் கூப்பிடுவதுபோல நாங்களும் அவரை ஆப்பேக் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சித்தியின் வயிற்றைக் காட்டிச் சிரித்து, படையலில் வைத்த குவே என்கிற சிவப்புப் பணியாரம் இரண்டையும் ஓர் ஆரஞ்சையும் அவள் கையில் வைத்தார். "மாக்கான், மாக்கான்" என்று சாப்பிடச் சொன்னார். சித்தி ஒரு குவேயை அங்கேயே தின்றாள். அதைச் சித்தப்பா மேலிருந்து பார்த்துவிட்டார்.

"கெழட்டுச் சீனங்கிட்டப் பல்லக் காட்டித் திங்கிறியா?" என்றார் மதிலுக்குள் நுழைந்ததும். முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். முதல் குத்து காதில் விழுந்தது. ஆரஞ்சு என் காலடியில் உருண்டு வந்தது. இரண்டாவது குத்தில் சித்தி முழங்காலும் கையும் ஊன்றி விழுந்தாள். அன்றைக்கு உருண்டுகொள்ள இடமில்லை. இரண்டு பக்கமும் கல். சித்தப்பா அவள் வயிற்றைக் குறிவைத்துக் காலைப் பின்னால் இழுத்தார்.

மதிலில் மண்வெட்டி சாய்ந்திருந்தது. சித்தி எழுந்திருக்கவே இல்லை. முழங்காலில் இருந்தபடியே அதை எட்டிப் பிடித்து, ஊன்றியிருந்த அவர் காலின் முன்னெலும்பில் கட்டையால் வீசினாள். சித்தப்பா அலறி விழுந்தார். அவள் எழுந்தாள். அவர் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினார். இரண்டாவது வீச்சு முன்கையில் இறங்கியது. காய்ந்த மூங்கில் ஒடிகிற மாதிரிச் சத்தம். கை நடுவில் மடங்கியதை நான் பார்த்தேன். மூன்றாவது அடி தோளில், நான்காவது அடி முதுகில். ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: நான்கும் கட்டைப் பக்கத்தால் அடித்தவை. ஒரு முறைகூட அவள் இரும்பைத் திருப்பவில்லை.

சுற்றிலும் படைத்துக்கொண்டிருந்த சீனக் குடும்பங்கள் எழுந்து நின்றன. கீழேயிருந்து அப்பாவும் ஆறேழு ஆட்களும் ஓடி வந்தார்கள். சித்தி மண்வெட்டியைக் கீழே போடப் பார்த்தாள். பிறகு அப்பா வருவதைப் பார்த்தாள். மண்வெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் கொண்டையை அவிழ்த்தாள். முடி முகம் முழுக்க விழுந்தது.

"டேய் மண்டோரு!" என்றாள்.

ஏழு மாதமாக அப்பாவின் நிழலைக் கண்டால் ஒதுங்கியவள். அப்பா பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது.

"யாரு... யாரு தாயி?"

"தெரியல? கெணத்துக்காரிடா. பிரம்பால அடிச்சித் தண்ணி குடுத்தியே, மறந்துட்டியா?"

"மறக்கல தாயி. என்னா வேணும், சொல்லு."

"இவன் கை."

சித்தப்பா தரையில் கிடந்து துடித்தார். அப்பா கும்பிட்ட கையை எடுக்கவில்லை. "கோழி தரேன் தாயி. ரெண்டு கோழி."

"ஒங்கோழிய நீ தின்னு. எனக்கு இவன் கை வேணும்."

"ஆடு கேட்டுப் பாருங்க மண்டோரு" என்று பின்னாலிருந்து ஓர் ஆள் கிசுகிசுத்தார்.

அப்போதுதான் சித்தப்பா கத்தினார். "நடிக்கிறாண்ணே! பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல! நாந்தாண்ணே அடிச்சேன். மொத நாளுலேருந்து நாந்தாண்ணே அடிச்சேன்!"

"வலியில ஒளர்றான்" என்றார் அந்த ஆள்.

ஆனால் அப்பாவின் கை சற்றுக் கீழே இறங்கியது. அவர் சித்தியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "நீ இங்கதான இருந்தே. நீ சொல்லு. இவன் சொல்றது நெசமா? பேயா, இல்லியா?"

இரண்டு மாதமாக நான் சொல்லியிருக்க வேண்டிய உண்மை என் வாய்க்குள் இருந்தது. அதைச் சித்தப்பாவே சொல்லிவிட்டார். நான் "ஆமாம்" என்று தலையாட்டினால் போதும். தலையாட்டினால் என்ன ஆகும்? மதிலுக்குள் நிற்பது பேய் அல்ல, புருஷன் கையை ஊரறிய ஒடித்த ஒரு பொம்பளை. அவளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். அதே பின் அறைக்கு. இந்த முறை அடிப்பதற்கு அண்ணனும் தம்பியும் இரண்டு பேர் இருப்பார்கள்.

சித்தி முடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

"பேயிதாம்ப்பா" என்றேன். "மதிலு மேலேருந்து எறங்கி சித்திக்குள்ள போனிச்சு. நான் பாத்தேன்."

அப்பாவின் கைகள் மறுபடியும் நெஞ்சுக்கு ஏறின. சித்தப்பா என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை நான் எழுதப்போவதில்லை.

"கை வேணாம் தாயி. வேற என்னா கேட்டாலும் செய்யிறேன். இந்தப் பொண்ண விட்டுரு" என்றார் அப்பா.

"விடறேன்" என்றது கிணற்றுக்காரி. "பொழுது சாயறதுக்குள்ள இவள இவ ஆத்தா வூட்டுல கொண்டு போயி வுடு. இவன் அந்தத் தோட்டத்து எல்லைய மிதிச்சான்னா நான் திரும்ப வருவேன். இன்னிக்குக் கட்டையில வந்தேன். அன்னிக்குக் கத்தியில வருவேன்."

சத்தியம் செய்யச் சூடம் இல்லை. ஆப்பேக் கையில் எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தி மூன்றை அப்பா வாங்கி, ஒரு சீனன் கல்லறையின் முன்னால், தமிழில், தன் தாய் மேல் ஆணையிட்டார். ஆப்பேக் ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். சித்தி மண்வெட்டியைப் போட்டுவிட்டு மயங்குவதுபோலச் சாய்ந்தாள். விழும்போது வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்து, மெதுவாகத்தான் விழுந்தாள்.

அப்பா அந்தச் சத்தியத்தைச் சாகும்வரை காப்பாற்றினார். சித்தப்பாவின் கைக்குச் சின்சே என்கிற சீன வைத்தியர் ஒருவர் கட்டுப்போட்டார், கோணலாகவே கூடியது. அதன் பிறகு அவரால் புல் வெட்ட முடியவில்லை. சம்சுச் சாராயம் குடித்த நாட்களில் அவர் சாலையில் நின்று, "பேயெல்லாம் கெடையாதுடா, நாந்தாண்டா அடிச்சேன்" என்று சொல்லுவார். நம்மில் சிலர் அவரைச் சுற்றி நின்று சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசிவரை யாரும் நம்பவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மூன்றாவது வாரம் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. தோட்டத்திலேயே மறுபடியும் மரம் சீவப் போனாள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். தோள் திரண்டவள், உரத்துப் பேசுகிறவள்.

பெரியவர்கள் எல்லாரும் ஏமாந்தார்கள் என்று நான் நெடுங்காலம் சொல்லிக்கொண்டு வந்தேன். அது சரியல்ல. அன்று மாலை நடந்ததையும் எழுதினால்தான் இது முழுமையாகும்.

நான்கு மணிக்குப் புக்கிட் ரம்பாய் போகிற காய்கறி லோரி ஒன்றை அப்பா பிடித்து வந்தார். சித்தியின் தகரப் பெட்டியை ஏற்றினார்கள். சாலையில் முப்பது பேர் இருக்கும், எல்லாரும் தள்ளியே நின்றார்கள். சித்தி அவிழ்ந்த முடியோடு லோரியின் பின்பக்கம் ஏறப் போனவள், நின்று, ஒரு விரலால் என்னைக் கூப்பிட்டாள். நான் போனேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அறைந்தாள். கையின் முழு பலத்தோடு, பால் மரம் சீவிய அந்தக் கையால். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் "அய்யோ" என்று பின்வாங்கியது. சித்தி லோரியில் ஏறிக்கொண்டாள்.

அம்மா என்னை உள்ளே தூக்கிப்போய் மடியில் உட்கார வைத்தாள். மஞ்சளைக் குழைத்தாள். பின் அறையில் சித்தப்பா முனகிக்கொண்டிருந்தார். வாசலில் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேயி அறைஞ்சிருச்சு, இன்னும் முழுசா எறங்கல" என்றாள் அம்மா அவர்களுக்குக் கேட்கும்படி.

அவர்கள் போன பிறகு நான் சொன்னேன். "பேயி இல்லம்மா. சித்திதான் அறைஞ்சாங்க. மொதல்லேருந்தே பேயி கெடையாது. நான் பொய் சொன்னேன்."

அம்மாவின் விரல் என் கன்னத்தில் நிற்கவில்லை. ஒரே சீராக மஞ்சளைத் தடவிக்கொண்டே இருந்தது.

"தெரியும்" என்றாள். "மெதுவாப் பேசு. ஒங்கப்பா காதுல விழுந்தா நாளைக்கே போயி அவளக் கூட்டியாந்துருவாரு."